அஸ்ரின் அத்தான்னு யாரு தேடுவா?

புதன்கிழமை ஆனால் பாத்திமா பீவி பெரம்பலூர் பஸ்ஸில் ஏறிவிடுவாள். லெப்பைக்குடிகாட்டில் கிளம்பி, குன்னம் வழியாக ஆடி அசைந்து அது டவுனுக்கு வந்து சேர்வதற்குள் இடுப்பு விட்டுப்போகும். தையல் மிஷினை மிதித்து மிதித்து ஏற்கெனவே வீங்கின கால் வேறு. ஆனாலும் ஒரு புதனும் தவறினதில்லை. "ஆஸ்பத்திரிக்காம்மா?" என்று ஆரம்பத்தில் விசாரித்த கண்டக்டரும் நாளடைவில் கேட்பதை விட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரிக்கு இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சைக்கிள் கடை மாடியில் ஒரு நெட் சென்டர் இருந்தது. அங்கே போய் ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லுவாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்றும் வரவில்லை என்று தெரிந்துகொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவாள். இவ்வளவுதான் வேலை. ஊரிலேயே நெட் சென்டர் இல்லாமல் இல்லை. அங்கே போனால் நாலு பேர் திரும்பிப் பார்த்து, "பாவம்" என்பார்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டு அவளுக்குச் சலித்துப்போயிருந்தது.

அந்தப் பக்கம், காணாமல் போன அவள் கணவர் நசீருதீனைத் தேடுகிற பக்கம். சவூதியில் தம்மாமுக்குக் கட்டட வேலைக்குப் போனவர், 2003 ரம்ஜானில் போன் செய்து, "கம்பெனி மாறப் போறேன், மாறிட்டுப் பேசுறேன்" என்றார். அதோடு சரி. இரண்டு பெருநாள் போய்விட்டது, மூன்றாவதும் வரப்போகிறது. அவர் வேலை பார்த்த கம்பெனி தெரியாது என்று சொல்லிவிட்டது. மகள் அஸ்ரின் பாவாடையை விட்டுத் தாவணிக்கு வந்து, பெண் கேட்டு ஆட்கள் வரவும் தொடங்கிவிட்டார்கள்.

இதில் நாத்தனார் ருமைசாவின் தொல்லை தனி. கெட்டவள் இல்லை. தம்பியை நினைத்து அழுது அழுது ஓய்ந்து, ஒரு முடிவு தெரிந்தால் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டவள்.

"மூணு வருசமா மூச்சு பேச்சு இல்லேன்னா என்னான்னு எடுத்துக்கறது? பள்ளிவாசல் ஹஜ்ரத்த ஒரு வார்த்த கேட்டு பாத்தியா ஓதிப்புட்டு, புருசன எழந்தவ மாதிரி நீ இத்தாவுல உக்காரு. நாலு மாசம் பத்து நாளு. அந்தப் புள்ளைக்கும் ஒரு வழி பொறக்கும்."

"உசுரோட இருக்கற மனுசனுக்கு நா எப்புடி இத்தா இருக்கறது?"

"இருக்காருன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

நடுராத்திரித் தஹஜ்ஜத் தொழுகையில் அழுவதைத் தவிர பாத்திமா பீவியிடம் வேறு அத்தாட்சி இல்லை. கடைசியில் இந்த வருஷத்து நோன்புப் பெருநாள் வரைக்கும் பார்ப்பது, அதற்குள் தகவல் வராவிட்டால் ஹஜ்ரத்திடம் போவது என்று பேசிக்கொண்டார்கள்.

அந்தப் பக்கத்தைச் செய்து கொடுத்தது கொழுந்தன் அன்சார். துபாயில் இருந்தவன் லீவில் வந்தபோது, தெரிந்த ஆளை வைத்து அழகாகச் செய்துவிட்டுப் போனான். திறந்தால் பச்சை நிறத்தில் பெரிதாக 786, அல்லாஹ்வின் பெயரால் தொடங்குகிற பிஸ்மிக்கு உள்ள எண். அதற்குக் கீழே மினுமினுக்கிற பிறை. அதை அமுக்கினால், பெரம்பலூர் அச்சாபீசில் அடித்த 'காணவில்லை' நோட்டீஸ் அப்படியே படமாக வரும். போட்டோ, பேர், உயரம், அடையாளம், போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். அடியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஒரு எண் ஓடும்.

"இனிமே உலகம் பூரா அண்ணனத் தெரியும் மச்சி," என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் பிளேன் ஏறினான்.

எண் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் ஆனபோது பாத்திமா பீவிக்கு மனம் தாங்கவில்லை. நெட் சென்டரைப் பார்த்துக்கொள்ளும் பரிமளாவிடம் முதன்முறையாக வாய்விட்டுக் கேட்டாள்.

"இத்தன பேரு பாத்தும் ஒருத்தருக்குமா தெரியாம போவும்?"

பரிமளாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்காரர் அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் லாரி ஓட்டுகிறார், வாரத்துக்கு ஒரு நாள்தான் வீட்டில் தலையைக் காட்டுவார். ஆறு கேபினையும் தனியாளாகக் கவனித்து, கரண்ட் போனால் ஜெனரேட்டரையும் போட்டுவிட்டு வந்து உட்காருகிறவள். அன்றைக்கும் அப்படி வந்து உட்கார்ந்தவள், எண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இதுல முக்காவாசி நீங்களும் ஒங்க ஊர்க்காரங்களுமா தொறந்து பாத்தது. ஒவ்வொரு தடவ தொறக்கறப்பவும் ஒண்ணு ஏறும், அவ்ளோதான்."

பிறகு கூகுளில் நோட்டீசில் இருந்த பெயரையும் ஊரையும் அடித்தாள். வந்தவற்றில் ஒன்றுகூட இந்தப் பக்கம் இல்லை. ஊர் பெயரை மட்டும் அடித்தாள். அதிலும் இல்லை.

"பாத்தீங்களா? இப்புடி ஒரு பக்கம் இருக்குன்னே அதுக்குத் தெரியாது."

"எப்புடிம்மா தெரியாம போவும்? அவ்ளோ பெருசா போட்டிருக்கே."

"நமக்குத்தான் பெருசு. அதுக்குக் கண்ணு கெடையாதுக்கா. படத்தப் பாக்கத் தெரியாது. எழுத்தா அடிச்சு வச்சிருந்தாத்தான் தடவித் தடவிப் படிச்சுக்கும். ஒங்க நோட்டீசு மொத்தமும் படம். அதுல இருக்கற பேரும் படம், ஊரும் படம். இந்தப் பக்கத்துல அதுக்குப் படிக்கக் கெடைச்ச ஒரே எழுத்து என்னா தெரியுமா? தலைப்புல இருக்கற 786 மட்டுந்தான்."

பாத்திமா பீவி ஐந்தாவது வரைக்கும் படித்தவள். ஆனாலும் இது புரிந்தது. ஒரு வருஷமாகக் கண் தெரியாதவர் முன்னால் போட்டோவை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"மொதல்ல தலைப்ப மாத்தணும்," என்றாள் பரிமளா.

"அல்லாவோட பேர எடுக்கறதா?" பீவி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"எடுக்க வேணாங்க்கா. உள்ள மொத வரியா அது இருக்கட்டும். தலைப்புங்கறது வாசல்ல மாட்டுற போர்டு. தேடுறவங்க கண்ணுல மொதல்ல படறது அதான். ஒங்க தையக் கடை போர்டுல என்னா எழுதியிருக்கு?"

"மேல 786. அதுக்குக் கீழ லேடீஸ் டைலர்."

"அந்தக் கீழ இருக்கறதப் பாத்துதான துணி கொண்டாராங்க?"

பாத்திமா பீவி யோசித்தாள். வாயால் பிஸ்மி சொல்லிவிட்டுத்தான் துணியில் கத்தரியை வைக்கிறாள். துணியில் அதை எழுதி வைப்பதில்லை. படைத்த ரப்புக்குத் தெரியாததா? "சரி, மாத்து," என்றாள். பரிமளா அடிக்கும்போது வாய்க்குள் பிஸ்மி சொல்லிக்கொண்டாள்.

அன்சாரிடம் போனில் சொல்லிவிட்டுப் புதிதாக ஒரு பக்கம் தொடங்கினார்கள். பிறை இல்லை, மினுமினுப்பு இல்லை. வெறும் எழுத்து. வளைகுடாவில் இருக்கிறவர்கள் தமிழிலும் தேடுவார்கள், இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்தும் தேடுவார்கள் என்பதால் இரண்டிலும் போடுவது என்று பரிமளா சொன்னாள். பீவி சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். நடுவில் ஒரு கேபினில் பிரிண்ட் வரவில்லை என்று கூப்பிட்டார்கள், இன்னொன்றில் மவுஸ் நகரவில்லை. ஓடி ஓடி வந்து விட்ட இடத்திலிருந்து அடித்தாள். ஏப்ரல் வெயிலில் பேன் காற்றுகூட அனலாக வந்தது. முடித்தபோது இரண்டு பேருக்கும் எழுந்திருக்கத் தெம்பில்லை.

ஒரு புதன் போனது. இரண்டாவது போனது. "ஒடனே வராதுக்கா. அது வந்து படிச்சிட்டுப் போவ நாளாவும்," என்றாள் பரிமளா. நாலாவது புதன் பெயரை அடித்துத் தேடினாள். வரவில்லை. ஊரோடு சேர்த்து அடித்தாள். ம்ஹூம். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, தான் அடித்ததை மேலிருந்து கீழ்வரை படித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பா, சலிப்பா என்று தெரியாத ஒரு சிரிப்பு.

"அக்கா, இதுல ஒங்க வூட்டுக்காரர் பேர் எங்கக்கா?"

"ஏன், அதான் எல்லா எடத்துலயும் சொன்னேனே."

"நீங்க சொன்னது என்னா? 'அஸ்ரின் அத்தா தம்மாமில் வேலை பார்த்தார்கள்.' 'அஸ்ரின் அத்தாவுக்கு இடது புருவத்தில் தழும்பு.' 'அஸ்ரின் அத்தாவைப் பார்த்தவர்கள் போன் செய்யவும்.' ஏழு எடத்துல அஸ்ரின் அத்தா. நானும் ஒரு மாக்கான், சொன்னத அப்புடியே அடிச்சிருக்கேன். பேரு ஒரு எடத்துல இல்ல!"

கல்யாணமாகி இருபது வருஷத்தில் பாத்திமா பீவி கணவர் பெயரை வாயால் சொன்னதில்லை; மகளைச் சொல்லி 'அஸ்ரின் அத்தா', அதாவது அஸ்ரினுடைய அப்பா என்றுதான் சொல்வாள். ரேஷன் ஆபீசில் கேட்டால்கூடக் கார்டைத்தான் நீட்டுவாள்.

பரிமளா சோதித்துப் பார்ப்பதற்காக 'அஸ்ரின் அத்தா' என்று கூகுளில் அடித்தாள். முதல் வரியிலேயே அவர்கள் பக்கம் வந்து நின்றது.

"இந்தாங்க. ஒலகத்துலயே நாமதான் ஃபர்ஸ்ட்டு. ஆனா அஸ்ரின் அத்தான்னு யாரு தேடுவா? தேடுற ஆளு வாயில என்னா வார்த்த வருமோ அதத்தான் எழுதணும். நம்ம வாயில வர்றத இல்ல. நானெல்லாம் எங்க வூட்டுக்காரர சரத்குமாருன்னு தெருவுல நின்னு கத்துவேன். அப்பயும் திரும்பிப் பாக்க மாட்டாரு, அது வேற கத. பேரு எனக்குத் தெரியும், ஆனா ஒங்க வாயால சொன்னாத்தான் அடிப்பேன்."

"சொல்ல மாட்டேன்."

"அக்கா..."

"நீ தள்ளிக்க. எந்த எழுத்து எங்க இருக்குன்னு மட்டும் காட்டு."

பரிமளா நாற்காலியை விட்டு எழுந்தாள். பாத்திமா பீவி உட்கார்ந்து, ஊசியில் நூல் கோக்கிறவளைப் போலக் கண்ணை இடுக்கிக்கொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாக அமுக்கினாள். உதடு அசையவில்லை. தமிழில் ஒரு தடவை, இங்கிலீஷ் எழுத்தில் ஒரு தடவை. கால் மணி நேரம் ஆனது. அது தலைப்பில் ஏறியது. கீழே இருந்த 'அஸ்ரின் அத்தா'வையும் எடுத்துவிடவா என்று பரிமளா கேட்டபோது, "இருக்கட்டும், அது ஒண்ணும் சோறு கேக்கல," என்றாள்.

பத்து நாளில் பெயரை அடித்தால் பக்கம் வந்தது. ஆனால் பெயரைத் தேடத்தான் ஆள் இல்லை. காணாமல் போனவர் பெயர் தெரிந்தால்தானே தேடுவார்கள்?

"அங்க இருக்கற ஒங்க ஊர்க்காரங்க நெட்ல வந்து மொதல்ல என்னாக்கா பாப்பாங்க?" என்று கேட்டாள் பரிமளா.

"எங்கூருல யாரு மௌத்தானாங்கன்னுதான் பாப்பாங்க. அப்புறம் யாருக்கு நிக்காஹ், வெள்ளாத்துல தண்ணி வந்துச்சா, இதான்."

"அப்ப அதப் போடுவோம். வெறும் அழுகைய மட்டும் வச்சா ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுவாங்க. அவங்களுக்கு ஒதவறது இருந்தாத்தான் திரும்பத் திரும்ப வருவாங்க. வாரா வாரம் புதுசா இருந்தா கூகுளும் அடிக்கடி வந்து எட்டிப் பாக்கும்."

அப்படித்தான் பாத்திமா பீவிக்குச் செய்தி சேகரிக்கிற வேலை வந்து சேர்ந்தது. துணி கொடுக்க வருகிற பெண்களிடம் விசாரிப்பாள். யார் மௌத், எந்தத் தெரு, அடக்கம் எப்போது என்று அஸ்ரினை ஒரு நோட்டில் எழுதவைப்பாள். பொய்யோ புறமோ கலந்துவிடக் கூடாது என்று இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்வாள். "என்னா பீவி, பேப்பர் ஆபீஸ் நடத்துறியா?" என்று தெருவில் கேலி செய்தார்கள். புதன்கிழமை அதைப் பரிமளா அடிப்பாள். கடைசியில் மறக்காமல் அந்த நோட்டீஸ் எழுத்தும் நிற்கும்.

நடுவில் அன்சார் துபாயிலிருந்து ஒரு குறுக்கு வழி சொன்னான். "ஊர் பேரையும் துபாய், சவூதி, வேல, விசான்னு நூறு வார்த்தையும் வெள்ளத் தாள்ல வெள்ள எழுத்தா அடிச்சுவிடலாம் மச்சி. மனுசன் கண்ணுக்குத் தெரியாது, கூகுளுக்குத் தெரியும். மேல வந்துரும்."

பரிமளா, "கண்டுபுடிச்சா மொத்தமா தூக்கி எறிஞ்சிரும்," என்று மறுத்தாள். பீவிக்கு அந்தக் கணக்கே வேண்டியிருக்கவில்லை. "இல்லாதத இருக்குன்னு ஆள கூப்புடறது ஏமாத்து. ஏமாத்திக் கெடைக்கிற தகவல்ல பரக்கத்து இருக்காது. நீ ஒண்ணு செய்யி. அங்க நம்மூரு ஆளுங்க சங்கத்துக்கு ஒரு பக்கம் இருக்காமே, அதுல நம்ம பக்கத்தக் கைகாட்டி ஒரு வரி போடச் சொல்லு," என்றாள்.

"இதத்தான்க்கா நானும் சொல்ல நெனச்சேன். நாலு நல்ல பக்கம் கைகாட்டுனா கூகுளும் மதிக்கும்," என்று பரிமளா அசந்துபோனாள்.

சங்கத்தில் போட்டார்கள். இன்னும் இரண்டு ஊர்ப் பக்கங்களிலும் போட்டார்கள். ஆகஸ்டில், லெப்பைக்குடிகாடு என்று அடித்தாலே இவர்கள் பக்கம் மூன்றாவதாக வந்தது. பழைய பக்கத்தைப் போல வெறும் எண்ணிக்கையோடு நிற்காமல், யார் எந்த நாட்டிலிருந்து என்ன வார்த்தை போட்டுத் தேடி வந்தார்கள் என்று காட்டுகிற ஒரு கருவியைப் பரிமளா பொருத்தினாள். தகவல் மட்டும் வரவில்லை. துபாயிலிருந்தும் குவைத்திலிருந்தும் "செய்திக்கு ஜஸாக்கல்லாஹ்" என்று நன்றி எழுதினார்கள். "உங்கள் கணவருக்காக துஆ செய்கிறோம்" என்று எழுதினார்கள். பார்த்தேன் என்று ஒருத்தர் எழுதவில்லை.

நோன்பு பிறந்தது. நோன்போடு பஸ்ஸில் வந்து போவது பெரும்பாடு. பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நாக்கு வறண்டு வந்து உட்கார்ந்த பாத்திமா பீவி, "இதுதாம்மா கடைசி. அடுத்த வாரம் ருமைசா ஹஜ்ரத்துக்கிட்ட கூட்டிட்டுப் போயிரும். எனக்கும் ஓஞ்சுபோச்சு," என்றாள்.

தேடிவந்த வார்த்தைகளின் பட்டியலை, வழக்கம்போல ஊர்ப் பெயர்களோடு நிறுத்தாமல் கடைசி வரைக்கும் பரிமளா வாசித்தாள். "லெப்பைக்குடிகாடு மௌத்து, பதினொரு பேரு. லெப்பைக்குடிகாடு நிக்காஹ், நாலு. வெள்ளாறு, ரெண்டு. அஸ்ரின் அத்தா, அஞ்சு..."

வாசித்தவள் நிறுத்தினாள்.

"நீ சோதிச்சுப் பாத்ததா இருக்கும்," என்றாள் பீவி.

"நா எதுக்குக்கா இங்கிலீஷ் எழுத்துல அடிக்கப் போறேன்? இது சவூதிலேருந்து." விரலை வைத்துத் தேதியைப் பார்த்தாள். "அஞ்சும் வெள்ளிக்கெழம. மதியானத்துக்கு மேல. ஒவ்வொரு தடவையும் கால் மணி, இருவது நிமிசம் உக்காந்து படிச்சிருக்கு."

"யாராச்சும் ஊர்க்காரங்க..."

"வேற ஆளா இருந்தா பேரப் போட்டுத் தேடியிருப்பாங்க. பேரு பெருசா மேல இருக்கு. இல்லாட்டி ஊரப் போட்டு. அஸ்ரின் அத்தான்னு யாருக்கா தேடுவா?"

அன்றைக்குக் கேலியாகக் கேட்ட அதே கேள்வியை இப்போது குரல் இறங்கிக் கேட்டாள்.

இந்த உலகத்தில் அப்படிக் கூப்பிட்டால் 'ஏன்' என்று திரும்பிப் பார்க்கிற ஆள் ஒருத்தர்தான். பாத்திமா பீவி திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மூன்று வருஷமாக, இந்த நேரம் வந்தால் ஓவென்று அழுவோம், ஷுக்ரு என்று நன்றி சொல்லி அங்கேயே நெற்றி தரையில் படச் சஜ்தாவில் விழுவோம் என்று நினைத்திருந்தாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்று உதடு சொல்லிற்று. உடம்பு அசையவில்லை. அவ்வளவு அசதி.

"நம்பரு அதுல இருக்குல்ல?" என்றாள் மெதுவாக.

"இருக்குக்கா. ரெண்டு எடத்துல."

"அஞ்சு வாரமா வர்றாங்க. படிக்கறாங்க. போயிடறாங்க." முக்காட்டை இழுத்து முகத்தைத் துடைத்தாள். "பேப்பர் இல்லாம ஒளிஞ்சு வேல பாக்கறாங்களோ என்னமோ. அனுப்பக் கையில ஒண்ணும் இல்லாம, என்னான்னு சொல்லிப் பேசறதுன்னு கெடக்கறாங்க. வாசல் வரைக்கும் வந்துட்டு, கதவத் தட்ட மொகமில்ல."

"கூகுளு வாசல் வரைக்குந்தான்க்கா கொண்டாந்து விடும்."

"சரி. அந்தப் போர்டுல இருக்கற பேர எடுத்துரு."

"எவ்ளோ கஷ்டப்பட்டு அடிச்சீங்க!"

"அது ஊருக்காக அடிச்சது. இனிமே ஊரு தேட வேணாம். வர்ற ஆளுக்கு எழுதணும். சொல்றேன், அடி."

அவள் சொன்னதைப் பரிமளா ஓர் எழுத்து விடாமல் அடித்தாள். தலைப்பில், 'அஸ்ரின் அத்தா, போன் பண்ணுங்க.' உள்ளே, பிஸ்மிக்குக் கீழே, இரண்டு வரி. 'ஒன்றும் கேட்க மாட்டேன். அஸ்ரினுக்குப் பெண் கேட்டு வருகிறார்கள், அத்தாவாக, வலியாக நின்று நீங்கள்தான் நிக்காஹுக்குச் சம்மதம் சொல்ல வேண்டும்.'

பெருநாளன்று சேமியா கிண்ணத்தோடு வந்த ருமைசா, "நாளைக்கு ஹஜ்ரத்தப் பாக்கப் போவமா?" என்று கேட்டாள்.

"வேணாம். உசுரோடதான் இருக்காங்க."

"போன் வந்துச்சா?"

"வரல."

"கடுதாசி?"

"அதுவும் இல்ல. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம வந்து பாத்துட்டுப் போறாங்க."

ருமைசா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பட்டினி கிடந்து புத்தி பிசகிவிட்டதோ என்று நினைத்திருப்பாள். பாத்திமா பீவிக்கு விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. அஸ்ரின்தான் மாமியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடித்த ருமைசா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தம்பி பெயரைச் சொல்லி அழுதாள். இத்தா பேச்சு அதோடு நின்றது.

பெருநாளுக்குப் பிந்தின வெள்ளியும் போன் வரவில்லை. புதன்கிழமை போய்ப் பார்த்தபோது, அந்த வெள்ளி சவூதியிலிருந்து ஒருத்தர் நாற்பது நிமிஷம் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தது தெரிந்தது. அந்த வாரம் ஒரு மௌத்தும் ஒரு நிக்காஹும் வெள்ளாற்றில் தண்ணீர் வந்த செய்தியும் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

அடுத்த வெள்ளி, ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் வீடு திரும்பிச் சாப்பிட்டுப் படுத்த நேரம். மிஷினில் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. எழுந்து போய் எடுத்து, "ஸலாம் அலைக்கும்," என்றாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. யார் என்று அவள் கேட்கவில்லை. ஒன்றும் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

பிறகு, மூன்று வருஷமாகக் கேட்காத அந்தக் குரல் வந்தது.

"வெள்ளாத்துல தண்ணி வந்துருச்சாமே?"

பாத்திமா பீவி காலால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வந்து மூணு நாளாச்சு," என்றாள்.